பறக்காத விமானத்தில் நான் சொன்ன 'வேண்டாம்'

1

எனக்கு எழுத வராது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் படித்தேன். அதற்கப்புறம் நான் எழுதியது என்றால் மளிகைச் சீட்டும் மகளுக்கு நாலு கடிதாசும்தான். ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றுக்குப் போய்விடுவேன். பாதி மறந்தும் போகிறது. பேத்தியின் பழைய நோட்டில் எழுதுகிறேன். அதில் வரிகள் நெருக்கம், என் எழுத்தோ பெரிசு. தப்பிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் பக்கத்தில், மகள் சுமதி வீட்டில். வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மகன் மோகன் கோயமுத்தூரில் இருக்கிறான். பம்பு செட்டுக்கு உதிரிப் பாகம் செய்கிற பட்டறை வைத்திருக்கிறான். எனக்கு இந்த ரெண்டு பிள்ளைகள்தான்.

போன வாரம் சுமதியின் போன் தானாக ஒரு படத்தைக் காட்டியது. போன வருஷம் இதே நாளில் எடுத்ததாம். அவள் போனை என் பக்கம் திருப்பினாள். ஒரு விமானத்துக்குள் நாங்கள் அஞ்சு பேர் உட்கார்ந்திருக்கிறோம். நான், மோகன், அவன் சம்சாரம் கவிதா, சுமதி, அவள் மகள் நிலா. நிலா தலையில் பைலட் தொப்பி. முன்னால் சாப்பாட்டுத் தட்டுகள். அது நிஜ விமானப் பயணம் இல்லை. கோயமுத்தூரில் ஒரு ஓட்டல்.

படத்தில் எல்லாரும் சிரிக்கிறோம். நானும்தான். அதை எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் என் மகன் என்னிடம் ஒன்று கேட்டான், நான் வேண்டாம் என்று சொன்னேன். அந்த 'வேண்டாம்' என்ற சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது என்றுதான் ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

2

எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கிற உங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கே இருக்கும்போது எனக்கு அது ஒரு பழக்கம் என்றே தெரியாது.

விருந்துக்குப் போனால், முதல் தடவை கேட்கும்போது வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். "இன்னொரு கரண்டி போடட்டுங்களா?" என்பார்கள். "போதுமுங்க, வயிறு நெறஞ்சு போச்சுங்க" என்போம். திரும்பக் கேட்பார்கள். அப்போது கையை இலைக்குக் குறுக்கே நீட்ட வேண்டும். மூன்றாம் தடவை அவர்கள் கேட்கவே மாட்டார்கள். "அட, கைய எடுங்க, இத்தனூண்டு" என்று விரலிடுக்கில் ஊற்றிவிட்டுப் போவார்கள். அதற்கப்புறம்தான் சாப்பிடுவது.

"கேட்ட ஒடனே வாங்கிப்போட்டா பறக்காவெட்டிம்பாங்க" என்று என் அம்மா சொல்லுவாள். கேட்கிறவர்களுக்கும் அவளிடம் ஒரு சொல் இருந்தது. "ஒருக்காக் கேக்கறது மொறைக்கு. மறுக்காக் கேக்கறதுதான் மனசுக்கு."

மோகனுக்கும் இது தெரியும். சின்னப் பையனாக இருக்கும்போது என் அண்ணன் வீட்டில் பால் கொடுத்தால் வேண்டாம் என்பான். என் முகத்தைப் பார்ப்பான். மறுபடி வேண்டாம் என்பான். மூன்றாம் தடவை டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு உதட்டைத் துடைப்பான்.

இந்த ஊரில் ஒரு தடவைதான் கேட்கிறார்கள்.

வந்த புதிதில் பக்கத்து வீட்டு இத்தாலிக்காரம்மா வேலிக்கு மேலாக ஒரு தட்டை நீட்டினாள். எலுமிச்சை வாசம் அடிக்கிற கேக்கு. அவளே சுட்டது, சூடு ஆறவில்லை. நான் சிரித்துக்கொண்டு "நோ, நோ" என்றேன். அவளும் சிரித்துக்கொண்டு "ஓகே" என்றாள். தட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அது போகிற வழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்னொன்று இதைவிட மோசம். கிட்னியில் கல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். நர்சம்மா ஒரு தாளைக் காட்டி, வலி எவ்வளவு, சைபரிலிருந்து பத்து வரைக்கும் ஒரு நம்பர் சொல்லு என்றாள். நான் மூணு என்றேன். ஒரு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டி வந்தது. சுமதிக்குக் கோபம் தாங்கவில்லை.

"ஏம்மா, உசுரு போற வலிய வெச்சுக்கிட்டு மூணுன்னு சொன்னீங்களா?"

"எடுத்த ஒடனே பத்துன்னு எப்படி அம்மணி சொல்றது? இன்னொருக்காக் கேப்பாங்கன்னு இருந்தேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்தாள். அழுதாளோ என்னவோ.

3

நான் இங்கே இருந்துவிட வேண்டும் என்று வந்தவள் இல்லை. நிலா பிறக்கும்போது பிள்ளைப்பேறு பார்க்க வந்தேன். என் வீட்டுக்காரர் அதற்கு முந்தின வருஷம்தான் தவறியிருந்தார். ஆறு மாசம் என்றார்கள். சுமதி ஆஸ்பத்திரி லேபுக்கு வேலைக்குத் திரும்பினாள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், இன்னும் ஆறு மாசம் என்றார்கள். விசா முடிந்தால் ஊருக்கு வருவது, மறு விசா போட்டுத் திரும்புவது என்று சில வருஷம் ஓடியது. அப்புறம் நிரந்தரமாக இருக்கிற விசாவுக்கு எழுதிப் போட்டார்கள். அதில் ஒரு சட்டம் உண்டு. பெற்ற பிள்ளைகளில் பாதிப் பேராவது இந்த நாட்டில் இருக்க வேண்டும். சுமதி பாரத்தை நிரப்பும்போது சத்தமாகப் படித்தாள். "மொத்தப் பிள்ளைகள் ரெண்டு. இங்க ஒண்ணு. இந்தியாவுல ஒண்ணு. சரியாப் பாதி. தேறிட்டீங்கம்மா!" என்று கை தட்டினாள். நானும் தலையாட்டினேன். எந்தப் பாதி என்று அந்தப் பாரத்தில் யாரும் கேட்கவில்லை.

மகள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வது எங்கள் பக்கத்தில் பெருமையான காரியம் இல்லை. ஊருக்கு வந்தபோது ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரி ஒருத்தி கேட்டேவிட்டாள். "ஏனுங் அக்கா, மகன் குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப மக ஊட்டுச் சோறா?" நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

மாப்பிள்ளை தங்கமானவர். குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ஏழு மணிக்கு அவரும் சுமதியும் கிளம்பிவிடுவார்கள். எட்டரைக்கு நிலாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவேன். அதற்கப்புறம் மூன்றரை வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேச ஆளில்லை. ஹீட்டர் ஓடுகிற சத்தம், தபால்காரர் வண்டி போகிற சத்தம். சில நாள் என் தொண்டை வேலை செய்கிறதா என்று பார்க்க, பாத்திரம் கழுவும்போது ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லுவேன். போசி. தட்டம். கரண்டி.

நிலா வந்ததும் பேச்சு வரும். ஆனால் அவள் தமிழ் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. முன்னெல்லாம் கதை கேட்பாள். இப்போது நான் தமிழில் கேட்கிறேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். நாலு வாக்கியத்துக்கு மேல் போனால் ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குகிறது.

4

போன வருஷம் தை மாசம் நானும் சுமதியும் நிலாவும் அஞ்சு வாரம் ஊருக்கு வந்தோம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. சிங்காநல்லூரில் மோகனின் அடுக்குமாடி வீட்டில் இறங்கினோம்.

அங்கே ஒரு அறையை ஒழித்து, கட்டில் போட்டு, புது மெத்தை வாங்கிப் போட்டிருந்தார்கள். "இது உங்க ரூமுங் அத்தை" என்றாள் கவிதா. மெத்தைக்குப் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. புரண்டு படுத்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். அஞ்சு வாரத்துக்கு யாராவது புது மெத்தை வாங்குவார்களா என்று நினைப்பேன். சந்தோஷமாக இருக்கும். இங்கேயே இருக்கிறவளுக்கு என்றால் உறையைப் பிரித்திருக்க மாட்டார்களா என்றும் நினைப்பேன். உறையை நானே பிரிக்கலாம். அதற்கும் கை வரவில்லை.

இருந்துகொள்ளுங்கள் என்று மோகன் சொல்லமாட்டானா என்று தினமும் காத்திருந்தேன். வாய்விட்டு நானாகக் கேட்க எனக்குத் தெரியாது. கேட்டு வாங்கிப் பழக்கமில்லை. பட்டறையிலிருந்து வந்து, "சாப்பிட்டீங்களாம்மா?" என்பான். மாத்திரையைப் பார்ப்பான். டிவி முன்னால் பக்கத்தில் உட்காருவான். அவ்வளவுதான். ஒரு வாரம் போனது, ரெண்டு வாரம் போனது, அஞ்சாவது வாரமும் வந்துவிட்டது.

கிளம்புவதற்கு ரெண்டு நாள் இருக்கும்போது மோகன் சொன்னான். "சாயங்காலம் எல்லாரும் வெளிய சாப்பிடப் போலாம். நிலாவுக்குப் புடிக்கற மாதிரி எடம். பிளேனுக்குள்ளயே ஒக்காந்து சாப்பிடறது."

கவிதா சிரித்தாள். "ஏனுங்க, நாளான்னிக்குப் பூராவும் அவங்க பிளேன்லதான் ஒக்காரப் போறாங்க. இன்னைக்கும் பிளேனா?"

"அந்தப் பிளேன்ல சோறு நல்லாருக்காதல்ல."

பைபாஸ் ரோட்டோரம், ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுவே அந்த விமானம் நின்றது. ஒரு காலத்தில் பறந்ததுதானாம். ஓய்ந்த பிறகு இஞ்சினைக் கழற்றி, இறக்கையை அறுத்து, லாரியில் கொண்டு வந்து திரும்பப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். இறக்கைக்குக் கீழே நிழலில் கார்களை நிறுத்தியிருந்தார்கள்.

ஏறும் முன்னால் ஏர்போர்ட் மாதிரியே ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே யூனிபார்ம் போட்ட ஒரு பெண். "வெல்கம் மேடம், பாஸ்போர்ட் பிளீஸ்" என்றாள்.

ஓட்டல் என்று எனக்குத் தெரியும். ஆனால் எட்டு வருஷமாகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து யார் பாஸ்போர்ட் என்று சொன்னாலும் என் கை தானாகப் போகும். இடுப்பில் துணிப்பையில் வைத்திருந்ததை எடுத்து நீட்டிவிட்டேன். அந்தப் பெண் பிரித்துப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ பாட்டி, இது ஒரிஜினலுங்க!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "அம்மாயி! சும்மா, சும்மா! பிளே!" என்று நிலா குதித்தாள். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. மோகன் மட்டும் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கி, தன் சட்டையில் துடைத்து, என் கையில் கொடுத்தான்.

"எப்பவும் இடுப்புலயேவா வெச்சிருக்கறீங்க?"

"சுமதி சொல்லியிருக்கறா சாமி. இது தொலைஞ்சு போச்சுன்னா ஊட்டுக்குத் திரும்ப முடியாதாம்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. மகனுக்கு முன்னால் நின்றுகொண்டு, மகள் வீட்டை வீடு என்று சொல்லியிருக்கிறேன். "பத்திரமா வெச்சுக்குங்க" என்றான்.

அந்தப் பெண் ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தாள், போர்டிங் பாஸ் மாதிரி. கோயமுத்தூரிலிருந்து என்று அச்சடித்திருந்தது. எந்த ஊருக்கு என்கிற இடம் காலி. அதில் நாமே எழுதிக்கொள்ளலாமாம். நிலா பாரிஸ் என்று எழுதினாள். சுமதி சுவிட்சர்லாந்து. கவிதா தாராபுரம் என்று எழுதினாள்.

"அண்ணி, தாராபுரத்துக்குப் பிளேனா!" என்றாள் சுமதி.

"எங்கம்மா ஊட்டுக்குப் போயி ஆறு மாசமாச்சு அம்மணி. உங்கண்ணன் கார்ல கூட்டிப் போறாப்பல இல்ல. பிளேன்லயாச்சும் போறேன்."

"ஞாயித்துக்கெழமை கூட்டிப் போறேன்னு சொன்னனல்ல?" என்றான் மோகன்.

"எந்த மாசத்து ஞாயித்துக்கெழமைங்க?"

என் சீட்டில் நான் எழுதவில்லை. பேனாவைக் கொடுத்தார்கள். "அப்புறம் எழுதறேன் கண்ணு" என்று பைக்குள் வைத்துக்கொண்டேன்.

உள்ளே எதிரெதிர் இருக்கைகள், நடுவே மேசை. பெல்ட் போடச் சொன்னார்கள். போட்டோம். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன டிவி, அதில் மேகம் போய்க்கொண்டிருந்தது. இஞ்சின் சத்தம் போட்டு இருக்கையை ஆட்டினார்கள். நிலா கூச்சல் போட்டாள். நானும் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

சாப்பாடு தள்ளுவண்டியில் வந்தது. மற்றவர்களுக்குப் பரோட்டா, நூடுல்ஸ் என்று என்னென்னவோ. எனக்கு மோகன் சந்தவையும் தேங்காய்ப் பாலும் சொல்லியிருந்தான். இடியாப்பம் மாதிரி இருக்கும், எங்கள் பக்கத்துப் பலகாரம். விமானத் தட்டில், வெள்ளித் தாள் மூடி, சந்தவை! எனக்கு என்ன பிடிக்கும் என்று அவன் மறக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் வண்டிக்காரப் பெண் வந்தாள்.

"இன்னொரு செட் வைக்கட்டுங்களா பாட்டி?"

"போதும் கண்ணு."

"ஓகேங்க பாட்டி." வண்டி நகர்ந்துவிட்டது. கோயமுத்தூரிலும் இப்படி ஆகிவிட்டதா என்று நினைத்தேன். கவிதா விடவில்லை.

"ஏம்மா, வண்டிய நிறுத்து. இங்க ஒரு செட்டு வையி."

"வேண்டாம் கவிதா, வயிறு நெறஞ்சு போச்சு."

"நீங்க சும்மா இருங்க அத்தை. உங்க வயிறு எனக்குத் தெரியாதா? வையி கண்ணு, வையி."

வைத்தாள். நன்றாகச் சாப்பிட்டேன்.

5

அப்புறம் கவிதா நிலாவைக் கூட்டிக்கொண்டு பைலட் உட்காருகிற இடத்தைப் பார்க்கப் போனாள். சுமதிக்கு மாப்பிள்ளை போன் செய்தார். இரைச்சலாக இருக்கிறது என்று அவள் படியிறங்கிப் போனாள். மேசையில் நானும் மோகனும் மட்டும்.

அவன் பரோட்டாவைப் பிய்த்தான், தட்டிலேயே வைத்தான்.

"அம்மா."

"என்ன சாமி?"

"அங்க குளுரு ரொம்பவுங்களா?"

"ஹீட்டரு இருக்குதே."

"ம்." என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் டிவியைப் பார்த்தான். "பேசாம நீங்க இங்கயே இருந்துக்கறீங்களா?"

அஞ்சு வாரமாக, இல்லை, எட்டு வருஷமாக நான் காத்திருந்த பேச்சு. சரி சாமி என்று சொல்ல ரெண்டு வார்த்தை. ஆனால் வாயில் வந்தது வேறு.

"வேண்டாஞ் சாமி, எதுக்கு உங்களுக்குத் தொந்தரவு? அங்க பாப்பாளப் பாத்துக்கோணுமல்ல."

சொல்லும்போதே என் வலது கை தட்டுக்குக் குறுக்கே போயிருந்தது. இலைக்கு மேலே நீட்டுகிற மாதிரியே. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். அட, தொந்தரவு என்னங்கம்மா என்று இப்போது சொல்லுவான். நான் இன்னொரு தடவை வேண்டாம் என்பேன். அப்புறம் அவன் கேட்கவே மாட்டான், பாஸ்போர்ட்டை வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்வான்.

ஜன்னலில் ஒரு மேகம் போனது. அது முடிந்ததும் அதே மேகம் முதலிலிருந்து ரெண்டாம் தடவை வந்தது. மோகன் பெரிதாக ஒரு மூச்சு விட்டான்.

"சரிங்கம்மா. உங்களுக்கு எது சவுரியமோ அதுதான்."

பிய்த்து வைத்த பரோட்டாவை எடுத்துச் சாப்பிட்டான். நான் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். நிலா பைலட் தொப்பியோடு ஓடி வந்தாள், கவிதா வந்தாள், சுமதி வந்தாள். வண்டிக்காரப் பெண் படம் எடுத்தாள். எல்லாரும் சிரிங்க என்றாள். சிரித்தோம்.

அந்த மூச்சைத்தான் ஒரு வருஷமாக எடை போட்டுப் பார்க்கிறேன். கேட்டாயிற்று, கடமை தீர்ந்தது என்று விட்ட மூச்சா? அம்மா வேண்டாம் என்றுவிட்டாளே என்று விட்ட மூச்சா? ஒரு நாள் இப்படித் தோன்றும், மறுநாள் அப்படித் தோன்றும். என் அம்மா சொன்னபடி பார்த்தால், அவன் ஒரு தடவைதான் கேட்டான். முறைக்குக் கேட்டது. ஆனால் முறைக்குக் கேட்கிறவன் எல்லாரும் நகரட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்?

6

திரும்பி வருகிற நிஜ விமானத்தில், அந்தப் பெண்கள் என்ன கேட்டாலும் "எஸ்" என்றேன். தண்ணீர், எஸ். ஜூஸ், எஸ். போர்வை, எஸ். சிக்கனா வெஜிடேரியனா என்றதற்கும் எஸ் என்றேன். சுமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இங்கே புதன்கிழமை லைப்ரரியில் வயசானவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு உண்டு. டீச்சரம்மா பிஸ்கட் தட்டை நீட்டுவாள், நாங்கள் ஒவ்வொருவராக "எஸ், பிளீஸ்" சொல்லி எடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது ரெண்டு வார்த்தை. எனக்கு அதைச் சொல்ல ரெண்டு மாசம் ஆயிற்று. சொல்லும்போது இப்போதும் காது சூடாகும்.

மோகன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறான். சாப்பிட்டீங்களா, சவுரியமா, மாத்திரை போட்டீங்களா. ஒரு தடவை நான் துணிந்து ஜாடை காட்டினேன்.

"இங்க இந்த வருஷம் குளுரு தாங்க முடியலீங் கண்ணு."

"ஹீட்டர நல்லா வெச்சுக்குங்கம்மா" என்றான்.

போன வாரம் அந்தப் படம் வந்தபோதுதான் சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணன் அப்பவே எங்கிட்டச் சொன்னாங்கம்மா. 'அம்மாவக் கேட்டுப் பாத்தேன், வேண்டாம்னு போட்டாங்க. அங்கதான் புடிச்சிருக்குது போல. பாஸ்போர்ட்டக்கூட இடுப்புல இருந்து எறக்க மாட்டேங்கறாங்க'ன்னு. நானே அண்ணங்கிட்டப் பேசட்டுங்களா?"

"வேண்டாங் கண்ணு."

"சரிங்கம்மா" என்றாள். பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். கார் திரும்புகிற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், அவளும் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள்.

நிலா மட்டும் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். "அம்மாயி, வேணும்னா ஏன் நோ சொல்றீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரிந்த மட்டும் சொன்னேன். அதிலிருந்து அவள் எதைக் கேட்டாலும் மூன்று தடவை சேர்த்துக் கேட்கிறாள். "டீ? டீ? டீ?" என்பாள். "டிவி? டிவி? டிவி?" அவளுக்கு அது ஒரு விளையாட்டு. சிரிப்பை அடக்கிக்கொண்டு, விரலை நீட்டி எண்ணிக்கொண்டே கேட்பாள். நான் சுமதியிடம் பேசியதை அவளும் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அன்றைக்கு மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வரும்போது நடுரோட்டில் நின்றாள்.

"மாமா வீட்டுக்குப் போறீங்களா? போறீங்களா? போறீங்களா?"

மூன்று விரல்.

"ஆமாங் கண்ணு" என்றேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை அதைச் சத்தமாகச் சொன்னேன், அதுவும் ஒரு குழந்தையிடம்.

அவள் கொஞ்ச தூரம் முன்னால் நடந்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப என் லன்ச்?" என்றாள். இங்கிலீஷில் இன்னும் ஏதோ சொன்னாள், எனக்குப் புரியவில்லை. கையை மட்டும் வீடு வரைக்கும் விடவில்லை.

7

இங்கே தமிழ்ச் சங்கத்தில் இருக்கிற ஒரு அம்மா இதைக் கம்ப்யூட்டரில் அடித்து உங்கள் பத்திரிகைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். பெயர்களை எல்லாம் மாற்றிப்போட்டேன். படித்தால் என் மகனுக்குத் தெரியும்.

எழுதியதில் எது சரி எது தப்பு என்று எனக்கு நிச்சயமில்லை. கோயமுத்தூரில் இருக்கிற நீங்கள் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது. அந்த விமானத்தின் வால் பச்சை என்று நான் சொல்கிறேன், நீலம் என்கிறாள் நிலா. படி பதினாலா பதினாறா, தெரியவில்லை. சந்தவைக்குத் தேங்காய்ப் பால்தான் கொடுத்தார்களா, எள்ளுப் பொடியும் இருந்ததா, மறந்துவிட்டது. சிங்காநல்லூர் வீட்டில் அந்த மெத்தையின் உறையைப் பிரித்துவிட்டார்களா என்று கவிதாவுக்குத்தான் தெரியும். என் சீட்டு இந்த நோட்டுக்குள் இருக்கிறது. ஊர் எழுதுகிற இடம் இன்னும் காலிதான்.

மற்றதைச் சரிபார்க்க என் மகன் ஒருத்தனால்தான் முடியும். அன்றைக்கு அந்த மேசையில் எங்கள் ரெண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அம்மாவை இருந்துகொள்ளச் சொன்னது முறைக்கா மனசுக்கா என்று அவனைப் பார்க்கிறவர்கள் யாராவது கேட்டுச் சொல்லுங்கள். முதலில் கேட்கும்போது, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிடுவான். என் வயிற்றில் பிறந்தவன். அதோடு விட்டுவிட்டு வந்துவிட வேண்டாம். இன்னும் ரெண்டு தடவை கேளுங்கள்.